கடைசி வண்டிக்கு ஒரு துண்டு

இருங்காட்டுக்கோட்டை
9 மார்ச் 2025

முப்பத்தொன்றாம் நம்பர் வண்டி ராஜாமணி ஐயா அவர்களுக்கு,

கன்னியப்பன் கும்பிட்டு எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி மீனம்மாளும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீங்கள் உயிரோடும் உடம்பு சுகத்தோடும் இருக்கிறீர்கள் என்று போன வாரம்தான் தெரிந்தது. தெரிந்த அன்று மீனம்மாளின் இட்லிக் கடையில் சாப்பிட வந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு வடை சும்மா கொடுத்தேன். அதற்கு அவள் என்னைத் திட்டியதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுதுவது நான் இல்லை. எனக்கு எழுத்து வராது. பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, போன் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற கம்பெனியில் லைன் வேலை பார்க்கும் முத்துச்செல்வி எழுதுகிறாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். நான் என் பேச்சில் சொல்ல, அவள் புத்தகத் தமிழில் திருப்பி எழுதுகிறாள். யாராவது பேசியதைச் சொன்னால் மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கடையில் சாப்பிடும் கொம்பையா என்கிற பையனுக்கு ரேஸ் பைத்தியம். ஒரு நாள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "ஏ தாத்தா, இங்க பாரும். இது நம்ம ஊரு டிராக்குல்லா?" என்றான். பழைய போட்டோ. முன்னால் ஒரு பைக், முப்பத்தொன்று. பின்னால் வேலிக்கு வெளியே மண்மேட்டில் ஒரு கூட்டம் துண்டைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. மீனம்மாள் எட்டிப் பார்த்து, "யோவ், மொத வரிசைல கீறது நீதான்யா. அந்த மீசைய எங்க பாத்தாலும் கண்டுபுடிப்பேன்" என்றாள்.

கொம்பையா அந்தப் போட்டோவுக்குக் கீழே ஏதோ எழுத, உங்கள் மகள் பதில் போட்டு இந்த விலாசம் கொடுத்தது. அப்பா போனில் பேச மாட்டார், கடிதம் போடுங்கள் என்று சொன்னதாம்.

என் பெயர் உங்களுக்குத் தெரியாது. ஆனால் என்னை உங்களுக்குத் தெரியும். எண்பத்துமூன்று பிப்ரவரி, சோழவரம் ரேஸ். நான் அப்போது செங்குன்றத்து நெல் லாரியில் கிளீனர். வேலி ஓரம் நின்று சிவப்புத் துண்டை ஆட்டினேன். நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். இடது காலில் பூட்ஸ் கயிற்றுக்குப் பதில் செருப்பு வார் கட்டியிருந்தீர்கள்.

அது நீங்கள்தானே? ஒரு வரி போட்டால் போதும்.

உங்கள் சுகத்தை என்றும் விரும்பும்
கன்னியப்பன்


கோயம்புத்தூர்
24 மார்ச் 2025

அன்புள்ள கன்னியப்பன் அண்ணனுக்கு,

ராஜாமணி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது. காது மட்டும் போய்விட்டது. முப்பது வருஷம் இஞ்சின்களோடு குடும்பம் நடத்தினால் போகாமல் என்ன செய்யும்? கேட்காத காதுக்குப் போன் எதற்கு என்று மகள் கங்காவிடமே கொடுத்துவிட்டேன். தபால்காரர் வந்தால்தான் எனக்கு விருந்தாளி.

அந்தச் செருப்பு வார் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே! அது நான்தான் அண்ணா. அன்றைக்கு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று நான் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். "எவனுங்கய்யா அது செவப்புத் துணிய ஆட்டறது? ரேஸ நிறுத்தற கொடி அது! நானும் நின்னு போட்டனே!" என்றேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "நீயே கடேசி ஆளு. ஒனக்கோசரம் தனியா ரேஸ நிறுத்துவாங்களாபா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியைத் தள்ளிக் கிளப்பினேன். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது அங்கே யாரும் இல்லை, கொடிக்காரர்கூடப் போய்விட்டார். உங்கள் வேலி ஓரம் மட்டும் கைதட்டல்.

அடுத்த வருஷம் பார்த்தேன், உங்கள் கையில் வெள்ளைத் துண்டு. எத்தனையோ ரேஸ் ஓட்டினேன், ஒரு கப் வாங்கியதில்லை. பிழைப்பு ஒர்க்ஷாப்பில் ஓடியது. ஆனால் கடைசியாக வரும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டு எங்கே என்றுதான் கண் தேடும். இத்தனை காலம் கழித்து அந்தத் துண்டுக்கு ஒரு பெயர் கிடைத்ததே, அதுவே எனக்குப் பெரிது.

அந்த மண்மேடு இன்னும் இருக்கிறதா? பழைய ஆட்கள் வருகிறார்களா? எழுதுங்கள். அண்ணிக்கும், எழுதித் தரும் பெண்ணுக்கும் என் வணக்கம்.

அன்பு மாறாத
ராஜாமணி


இருங்காட்டுக்கோட்டை
6 ஏப்ரல் 2025

தம்பி ராஜாமணிக்கு,

நீங்கள் அண்ணன் என்று எழுதிவிட்டதால் நானும் தம்பி என்றே சொல்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை முத்துச்செல்வி மூன்று தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை கடையே கேட்டது. மீனம்மாளுக்கு உங்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. என்னை எதிர்த்துக் கத்திய ஆள் என்பதால்.

ரேஸ் இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

சோழவரத்தில் நாம் எப்படிப் பார்த்தோம்? லாரி மேல் ஏறிப் பார்த்தோம். வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்து விரட்டு வாங்கினோம். புளிச்சோற்றுப் பொட்டலத்தில் பாதி புழுதி. மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்காது. யார் ஜெயித்தது என்று செங்குன்றம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு போவோம், மறுநாள் பேப்பரைப் பார்த்து ஒருத்தன் வாசித்த பிறகுதான் சண்டை ஓயும். இரண்டு நாளைக்குச் சட்டையில் ரேஸ் வண்டிகள் விட்ட ஆமணக்கெண்ணெய்ப் புகை வாசம் இருக்கும். துவைக்க மனசு வராது.

அப்புறம் ரேஸே சோழவரத்தை விட்டு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது, வேலிக்கு வெளியே நமக்கு அந்த மேடும் கிடைத்தது. மாமியார் வீடு பக்கத்துத் தெருவுக்கே வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

இப்போது மணிக்கட்டில் ஒரு காகித வளையம் மாட்டினால்தான் உள்ளே விடுகிறார்கள். பிள்ளைகள் டிராக் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எதிரில் என்ன நடக்கிறது என்று போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். எந்த ரவுண்டு எத்தனை விநாடி என்று எல்லாம் அதில் வருகிறது. கொம்பையாவுக்கு ஸ்பெயின் தேசத்து ரைடர் ஒருத்தன் விழுந்தால் இங்கே சோறு இறங்காது. போன வருஷம் பட்டணத்தில் தீவுத்திடலைச் சுற்றி ரோட்டிலேயே விளக்குப் போட்டுக் கார் ரேஸ் விட்டார்களே, அதற்குப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் சைகையில் இட்லி கேட்டான். பெண்பிள்ளைகள் பைக் ஓட்டுவதைக் கொம்பையா போனில் காட்டுகிறான். ஹெல்மெட்டைக் கழற்றிச் சடையை உதறும்போதுதான் தெரிகிறது. அதையெல்லாம் பார்க்க எனக்குக் கண் இருக்கிறதே என்று முருகனுக்கு நன்றி சொல்கிறேன்.

ஒன்றுதான். முதல் மூன்று பேர் வந்ததும் கூட்டம் மொத்தமும் கப் கொடுக்கிற இடத்துக்கு ஓடிவிடுகிறது, போட்டோ எடுக்க. கடைசி வண்டி தனியாக வந்து தனியாகப் போகிறது. நம் மேட்டில் சட்டம் என்ன? கடைசி வண்டி போகும்வரை யாரும் இறங்கக் கூடாது. உங்களால் வந்த சட்டம் அது.

மேட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். முத்துச்செல்விக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, பஸ்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான்.

கங்காவுக்கு என் ஆசீர்வாதம்.

கன்னியப்பன்


கோயம்புத்தூர்
2 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில். நானும் கங்காவும் நலம். உங்களுக்கும் அண்ணிக்கும் இந்த வெயிலில் உடம்பு எப்படி?

ஒரு விஷயம். உங்கள் ஊர் டிராக்கில் ஆகஸ்டு மாதம் ரேஸ் நடக்கும்போது, மதிய இடைவேளையில் பழைய ரைடர்கள் பழைய வண்டிகளில் இரண்டு ரவுண்டு வரப் போகிறார்களாம். கிளப்பிலிருந்து எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. முப்பத்தொன்று ஒர்க்ஷாப் மூலையில் தார்ப்பாய்க்குள்தான் நிற்கிறது.

கங்கா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "எழுவத்தோரு வயசுல காதும் கேக்காம எதுக்குங்கப்பா இந்த வேலை?" அவள் சொல்வது நியாயம். என் யோசனை வேறு. ஜெயித்தவர்கள் வருவார்கள், அவர்களைப் பார்க்க ஜனம் இருக்கும். ஒரு தடவைகூட ஜெயிக்காத ராஜாமணி போய் யாருக்குக் கை காட்டுவது? அரங்கத்தில் இருக்கும் பிள்ளைகள் இது யார் தாத்தா என்று கேட்பார்கள், கேட்டாலும் எனக்குக் கேட்காது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். போன கடிதத்தில் மேட்டைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மேட்டில் ஆள் இருக்குமா, அண்ணா? இருக்கும் என்று நீங்கள் சொன்னால் தார்ப்பாயைப் பிரிக்கிறேன். இல்லாவிட்டால் அது தூங்கட்டும்.

அன்புடன்
ராஜாமணி


இருங்காட்டுக்கோட்டை
11 மே 2025

தம்பி ராஜாமணிக்கு,

வெயிலுக்கு நாங்கள் பழகிவிட்டோம். மோர் குடியுங்கள், காபியைக் குறையுங்கள்.

தார்ப்பாயைப் பிரியுங்கள். மேடு அப்படியே இருக்கிறது. ஆள் இருக்கும். துண்டும் இருக்கும், வெள்ளைத் துண்டு. நீங்கள் வாருங்கள். கங்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கன்னியப்பன்

ஐயா, இதற்குக் கீழே இருப்பது தாத்தாவுக்கு நான் வாசித்துக் காட்டாதது. தெரிந்தால் திட்டுவார். மேடு இல்லை ஐயா. மூன்று வருஷத்துக்கு முன்பே அந்த இடத்தை வாங்கியவர்கள் ஜேசிபி வைத்து வழித்துவிட்டு குடோன் கட்டிவிட்டார்கள். இரண்டு ஆள் உயரத்துக்குத் தகரச் சுவர். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் காலமாகிவிட்டார்களாம், மீதிப்பேர் பிள்ளைகளோடு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். தாத்தா மட்டும் ஒவ்வொரு ரேஸ் நாளும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், சுவரில் காதை வைத்து, கடைசி வண்டி போன பிறகு வருவார். "எதுக்கு தாத்தா மேடு இருக்குன்னு எழுதச் சொல்லுதீய?" என்று கேட்டேன். "இல்லன்னு எழுதினா அவரு வரமாட்டாரும்மா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.
முத்துச்செல்வி


இருங்காட்டுக்கோட்டை
22 ஜூன் 2025

தம்பி ராஜாமணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கொம்பையாவை விட்டுக் கங்காவிடம் போனில் விசாரிக்கச் சொல்லலாம் என்றேன், மீனம்மாள் தடுத்தாள். "அந்தாளு இன்னா யோசனைல கீறாரோ. நீ பின்னாடியே போய் ஹாரன் அடிக்காத" என்றாள்.

கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். விபூதி இத்துடன் இருக்கிறது. உங்களுக்குக் கொஞ்சம், வண்டிக்குக் கொஞ்சம்.

வர முடியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் வராமல் இருந்துவிடாதீர்கள்.

கன்னியப்பன்


கோயம்புத்தூர்
5 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். தாமதத்துக்குப் பொறுக்க வேண்டும். கார்புரேட்டரில் கை வைத்தேன், அது பத்து வேலையை இழுத்துவிட்டது. விபூதி வந்து சேர்ந்தது. டாங்க் மேல் ஒரு கீற்றுப் பூசியிருக்கிறேன், நெற்றிக்குப் பூசிய மாதிரியே இருக்கிறது.

போன வாரம் வண்டி உயிர் பெற்றது. எனக்குச் சத்தம் தெரியவில்லை. கங்கா காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் முகத்தில் சிரிப்பு. அவளும் ஒத்துக்கொண்டாள்.

நான் வருகிறேன். ஆகஸ்டு பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. ஒரு வருத்தம், ஓட்டி முடித்த கையோடு வேன் கிளம்பிவிடும், பலருடைய வண்டிகள் ஒன்றாகப் போகின்றன. ஊருக்குள் வந்து உங்களையும் அண்ணியையும் பார்க்க இந்தத் தடவை முடியாது. எப்போதும் போலத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வோம். நீங்கள் மேட்டில், நான் வண்டியில்.

எழுதித் தரும் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அது எழுதியது எல்லாமே என்னிடம் வந்து சேர்ந்தது.

அன்பு மாறாத
ராஜாமணி


இருங்காட்டுக்கோட்டை
3 ஆகஸ்டு 2025

ராஜாமணி ஐயாவுக்கு,

முத்துச்செல்வி வணக்கம். உங்களுக்கும் கங்கா அக்காவுக்கும் சுகம்தானே? தாத்தா இதைச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

நீங்கள் வருவதாக எழுதியதை வாசித்ததும் தாத்தா சாப்பிடாமல் எழுந்து போனார். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் மேடு இருந்த வளைவு தெரியாதாம். குடோன் வாட்ச்மேனிடம் கேட்டுப் பார்த்தார், கூரைமேல் ஏற விடமாட்டார்களாம். பஸ் டிரைவரிடம் கேட்டார், கம்பெனி பஸ் மேல் ஆள் ஏறினால் வேலை போய்விடுமாம். "என்ன நம்பி வராரும்மா" என்று மூன்று வாரமாக இதே பேச்சு.

எங்கள் ஹாஸ்டல் நாலு மாடி. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது குடோனுக்கு அந்தப்பக்கம் அந்த வளைவு தெரியும். இதை நான்தான் சொன்னேன். ஆனால் ஹாஸ்டலுக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. வார்டன் லூர்தம்மாள் அம்மாவிடம் தாத்தாவை அழைத்துக்கொண்டு போனேன்.

"இன்னா தாத்தா, லேடீஸ் ஹாஸ்டல் மாடில ஒனக்கு இன்னா வேலை?"

"ரேஸ் பாக்கணும்மா. ரெண்டே ரவுண்டு."

"அதான் எல்லாப் பொண்ணுங்களும் போன்லயே பாத்துகினு கீதுங்களே. நீயும் போன்ல பாரு."

"போன்ல துண்டு ஆட்னா அவருக்குத் தெரியுமா?"

அம்மா தாத்தாவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு, "எழுவத்தெட்டு வயசானாலும் ஆம்பள ஆம்பளதான். ரூல்னா ரூல்" என்றார்.

வாசலில் நின்ற மீனம்மாள் பாட்டி, "இந்தாள ஆம்பளன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா, நல்லாரு" என்றார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திவிட்டார்.

இன்றுவரை பதில் இல்லை ஐயா. அன்றைக்கு நீங்கள் வளைவில் திரும்பும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. எங்கேயாவது நிற்போம். கண்ணைக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்
முத்துச்செல்வி


இருங்காட்டுக்கோட்டை
19 ஆகஸ்டு 2025

தம்பி ராஜாமணிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இடுப்பு வலி இல்லையே? நாங்கள் எல்லாரும் சுகம். எனக்குத் தோள்பட்டையில் மட்டும் வலி, மீனம்மாள் தைலம் தேய்த்துக்கொண்டே திட்டுகிறாள். இரண்டும் இதமாக இருக்கிறது.

முந்தாநாள் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுடன் லூர்தம்மாள் என்கிற அம்மாவும் வந்திருந்தார். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவர், "வா தாத்தா. ஆனா பாட்டியும் கூட வரணும்" என்றார். இங்கே வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் முப்பது பேருக்குமேல் இருக்கும். நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் நின்றார்கள். கொம்பையாவுக்கு மட்டும் அனுமதி இல்லை, அவன் கீழே ரோட்டில் நின்று, அரங்கத்துக்குள் இருந்த சிநேகிதனிடம் போனில் கேட்டுக் கேட்டு "வாராக, வாராக" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

முதல் ரவுண்டு. பெரிய பெரிய வண்டிகள் போயின. எல்லாருக்கும் பின்னால், தூரம் விட்டு, முப்பத்தொன்று. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. துண்டை ஆட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை. வலது பக்கம் தாழ்வாகப் பார்த்துக்கொண்டே போய்விட்டீர்கள்.

வானம் மேகம் மூடி ஒரே வெளுப்பு. வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும்? பிள்ளைகள் தாங்களாகவே நீலக் கம்பெனிக் கோட்டைக் கழற்றி ஆட்ட ஆரம்பித்தார்கள். அப்போது லூர்தம்மாள் அங்கே காய்ந்துகொண்டிருந்த ஒரு சிவப்புப் போர்வையை உருவி, "இத்த ஆட்டு தாத்தா" என்று என் கையில் திணித்தார்.

மேட்டில் போர்வை எப்படிக் காயும் என்று முத்துச்செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். காயும். எழுதும்மா.

சிவப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் வேறு எதுவும் கையில் இல்லை, நீங்கள் வளைவுக்கு வந்துவிட்டீர்கள். ஆட்டினேன் தம்பி. மீனம்மாள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டீர்கள்.

முப்பது பெண்பிள்ளைகளும் கோட்டு ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சுவர் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றி, நிமிர்ந்து, இரண்டு கையையும் தூக்கினீர்கள். அதற்குப் பிறகு அங்கே எழுந்த சத்தம் உங்கள் காதுக்கே கேட்டிருக்கும். லூர்தம்மாள் அழுதார். ஏன் என்று கேட்டால், "கண்ணுல தூசி பட்ச்சி" என்றார்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். வண்டி கோளாறா, இல்லை அன்றைக்குப் போலவே என் துணியைப் பார்த்து நின்றீர்களா? இரண்டு நாளாக இதுதான் மனசில் ஓடுகிறது.

வந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று முத்துச்செல்வியைக் கேட்டேன், புத்தகத்தில் நிறைய வார்த்தை இருக்கிறது என்றாள். எதுவும் சரியாக இல்லை. நீங்கள் வந்தீர்கள், அது போதும்.

கன்னியப்பன்


கோயம்புத்தூர்
28 ஆகஸ்டு 2025

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணிக்கு, முத்துச்செல்விக்கு, கொம்பையாவுக்கு, லூர்தம்மாள் அவர்களுக்கு, பெயர் தெரியாத அத்தனை பிள்ளைகளுக்கும்,

ராஜாமணி நலமாக வந்து சேர்ந்தேன். இடுப்பு வலிக்கிறது. இன்னும் நாலு நாள் வலிக்கட்டும் என்று தைலம் போடாமல் இருக்கிறேன்.

வண்டியில் கோளாறு இல்லை, அண்ணா. முதல் ரவுண்டில் கண் பழக்கதோஷத்தில் பழைய இடத்தையே பார்த்துவிட்டது. இரண்டாவது ரவுண்டில் மேலே பார்த்தேன். முதலில் நீலம் ஆடியது தெரிந்தது. நீலக் கொடி ஆட்டினால், பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழி விடு என்று அர்த்தம். யார்டா அது எனக்குப் பின்னால் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. கடைசி நான்தான். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், சிவப்பு.

சிவப்பைப் பார்த்தால் ரைடர் நிற்க வேண்டும். கோளாறு இல்லாமல், தெரிந்தே நின்றேன். பின்னால் யாரும் இல்லை என்பதைத்தான் அப்போதே பார்த்துவிட்டேனே.

கொடிக்காரப் பையன் ஓடி வந்து என்னவோ கேட்டான். வாய் அசைந்தது. நான், "தம்பி, செவப்பு ஆட்டறாங்க பாருங்க. நீங்களும் பாத்துட்டுச் சும்மா இருக்கறீங்களே!" என்று மேலே கையைக் காட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் அவனும் கையை ஆட்டினான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டான்.

நீங்கள் பார்க்க முடியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். ஒரு வண்டி நின்றுவிட்டது என்று பெரிய திரையில் காட்டியிருக்கிறார்கள். சிவப்புப் போர்வையையும் காட்டியிருக்கிறார்கள். என்னோடு ஓட்டியவர்களெல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன பிறகும் அரங்கத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லையாம். நான் எல்லைக்கோட்டுக்கு வரும்போது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பையன் தன் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததைச் சுழற்றினார்கள். துண்டு வைத்திருக்கும் வயசில்லை அவர்களுக்கு. கங்கா அழுதுகொண்டே போனில் படம் பிடித்திருக்கிறாள், படம் முழுக்க ஆட்டம். கொம்பையாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைய ரேஸில் ஜெயித்தவர்கள் கப் வாங்கினார்கள், எனக்கு எதுவும் தரவில்லை. தந்திருந்தாலும் வைக்க இடம் இல்லை.

அந்தப் போர்வைக்குச் சொந்தக்காரப் பிள்ளை யாரோ, அதற்கு ஒரு புதுப் போர்வை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சிவப்புதான். பழையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமும் கூப்பிட்டால் வருவேன். அப்போது வேனை முன்னால் அனுப்பிவிட்டு உங்கள் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

நீங்கள் எழுதியது பொய்யில்லை, அண்ணா. மேடு அப்படியே இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன். முன்னைவிடக் கொஞ்சம் உயரமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் தம்பி
ராஜாமணி